டமாக்ஸிஃபென் சாப்பிடும்போது கருப்பையில் நடப்பது

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, கீமோ முடிந்து, ரேடியேஷனும் முடிந்தபின் கையில் ஒரு சின்ன மாத்திரை அட்டை வரும். “தினம் ஒண்ணு போடுங்க, அஞ்சு வருஷத்துக்கு” என்பார் டாக்டர். தலையில் முடி மறுபடி முளைக்கத் தொடங்கியிருக்கும். வீட்டில் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு மாத்திரையைப் பற்றி உட்கார்ந்து பேச யாருக்கும் தோன்றுவதில்லை.

ஒன்றிரண்டு வருடம் போகும். வேறு எதற்கோ எடுத்த வயிற்று ஸ்கேனில் “கருப்பை உட்படலம் 13 மி.மீ., தடித்துள்ளது” என்று ஒரு வரி வரும். வீடே கலங்கிவிடும். இன்னொரு வீட்டில், தீட்டு நின்று ஆறு வருடமான ஓர் அம்மா தன் உள்ளாடையில் பழுப்பாக ஒரு கறையைப் பார்ப்பார். சூட்டுக்கு இருக்கும் என்று துவைத்துப் போட்டுவிட்டு யாரிடமும் சொல்லமாட்டார்.

கலங்க வேண்டியது இரண்டாவது வீடு. முதல் வீட்டில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இந்த மாத்திரை கருப்பையில் என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் இது ஏன் என்பது விளங்கும்.

டமாக்ஸிஃபென் புற்றுநோய்க்காகப் பிறந்த மருந்தே அல்ல. இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் ஆல்டர்லி பார்க் என்ற இடத்தில் ஐ.சி.ஐ. என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே 1962இல் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் இந்தச் சேர்மத்தை உருவாக்கினார். அப்போது அதற்குப் பெயர்கூட இல்லை, 46,474 என்ற எண் மட்டும்தான். ஆர்தர் வால்போல் தலைமையிலான அந்தக் குழு தேடிக்கொண்டிருந்தது ஒரு கருத்தடை மாத்திரையை. எலிகளுக்குக் கொடுத்தபோது கரு தங்கவில்லை. பெண்களுக்குக் கொடுத்தபோதோ கருமுட்டை வெளிவருவதை அது தூண்டிவிட்டது. கருத்தடைக்கு வந்த மருந்து கருத்தரிக்க உதவியது! பெரிய எலியின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கு எதிராக நின்ற அதே பொருள், சுண்டெலியின் உடலில் ஈஸ்ட்ரோஜனைப் போலவே நடந்துகொண்டது. இடத்துக்கு இடம் குணம் மாறும் மருந்து இது என்பதற்கான தடயம் அப்போதே கிடைத்துவிட்டது.

1971இல் மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் மேரி கோலும் சக மருத்துவர்களும், மார்பகப் புற்றுநோய் முற்றிய 46 பெண்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து முடிவை வெளியிட்டார்கள். 10 பேருக்கு நல்ல பலன் தெரிந்தது. இன்று சாதாரணமாகத் தோன்றலாம். அன்று அந்த நிலையில் கொடுக்கப்பட்ட மற்ற ஹார்மோன் மருந்துகளோடு ஒப்பிட்டால் இதன் தொந்தரவு மிகக் குறைவு. 1973இல் பிரிட்டனிலும் 1977இல் அமெரிக்காவிலும் இது புற்றுநோய் மருந்தாக அனுமதி பெற்றது.

அதன்பிறகு இந்த மாத்திரை காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கில்லை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள புற்றுநோய், அதாவது பயாப்ஸி ரிப்போர்ட்டில் “ஈ.ஆர். பாசிட்டிவ்” என்று வருவது, இதற்குக் கட்டுப்படும். பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆக்ஸ்ஃபோர்டில் தொகுத்த முடிவுகள் 2011இல் வந்தன. ஐந்து வருடம் டமாக்ஸிஃபென் எடுத்தால், அந்த ஐந்து வருடத்தில் நோய் திரும்புவது ஏறக்குறையப் பாதியாகிறது. முதல் 15 வருடங்களில் மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. கருப்பையைப் பற்றி இனிமேல் சொல்லப்போகும் எதையும் இந்த இரண்டு வரிகளை மறக்காமல் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பயத்தில் மாத்திரையைத் தானாக நிறுத்திவிடுவதுதான் இந்த விஷயத்தில் நேரக்கூடிய பெரிய இழப்பு.

ஈஸ்ட்ரோஜன் தன் வேலையைச் செய்ய, செல்லுக்குள் இருக்கும் ஏற்பி என்ற புரதத்தில் போய் அமர வேண்டும். டமாக்ஸிஃபென் அதே இடத்தில் முந்திக்கொண்டு அமர்கிறது. அமர்ந்ததும் ஏற்பியின் உருவம் சற்று மாறுகிறது. அந்த மாறிய உருவத்தோடு யார் வந்து சேர்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. செல்லுக்குள் மரபணுக்களை முடுக்கிவிடும் துணைப் புரதங்களும் உண்டு, அடக்கிவைக்கும் துணைப் புரதங்களும் உண்டு. மார்பகச் செல்லில் அடக்கிவைப்பவற்றின் கை ஓங்குகிறது, வளர்ச்சி நிற்கிறது. கருப்பையின் உட்படலச் செல்லில் முடுக்கிவிடுபவை அதிகம், அதனால் வளர்ச்சி தூண்டப்படுகிறது. பிறந்த வீட்டில் ஒரு மாதிரியும் புகுந்த வீட்டில் வேறு மாதிரியும் இருக்க நேர்கிற பெண்ணைப் போல, ஆள் ஒன்றுதான், சுற்றி இருப்பவர்கள் வேறு. எலும்பிலும் இது ஈஸ்ட்ரோஜனைப் போலவே வேலை செய்வதால், தீட்டு நின்ற பெண்களுக்கு எலும்பு தேய்வது குறைகிறது. கருப்பையில் கெடுதல் செய்யும் அதே குணம் எலும்புக்கு நல்லதாக முடிகிறது.

கருப்பைப் பிரச்சினை மெதுவாகத்தான் வெளியே வந்தது. டமாக்ஸிஃபென் எடுத்துக்கொண்டிருந்த மூன்று பெண்களுக்குக் கருப்பை உட்படலப் புற்றுநோய் வந்ததாக 1985இல் ஒரு சிறு அறிக்கை வெளியானது. தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய எண்ணிக்கை. 1988இல் மருந்தியல் ஆய்வாளர் கிரெய்க் ஜோர்டனின் குழு ஒரு சோதனையை வெளியிட்டது. எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒரே சுண்டெலியின் உடலில் மனித மார்பகப் புற்றுநோய்க் கட்டியையும் மனிதக் கருப்பைப் புற்றுநோய்க் கட்டியையும் சேர்த்து வளர்த்து, டமாக்ஸிஃபென் கொடுத்தார்கள். மார்பகக் கட்டி வளராமல் நின்றது. கருப்பைக் கட்டி வளர்ந்தது. இந்த மருந்தின் முழுக் கதையும் அந்த ஒரு சுண்டெலிக்குள் அடங்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றும்.

அடுத்த வருடமே ஸ்டாக்ஹோமில் இருந்து உறுதிப்படுத்தும் செய்தி வந்தது. தீட்டு நின்ற 1,846 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களிடம் கருப்பைப் புற்றுநோய் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. அவர்கள் எடுத்தது தினம் 40 மில்லிகிராம், இன்று வழக்கத்தில் உள்ள 20இன் இரண்டு மடங்கு. 20 மில்லிகிராமிலும் ஆபத்து கூடுகிறது என்பதை 1994இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. 1996இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டமாக்ஸிஃபெனை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. புகையிலை இருக்கும் அதே வகுப்பு. இந்தத் தகவல் மட்டும் தனியாக வாட்ஸ்அப்பில் சுற்றினால் எத்தனை பேர் மாத்திரையைத் தூக்கி எறிவார்கள் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது. அந்த வகுப்பு, ஒரு பொருளால் புற்றுநோய் வரும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதியானது என்பதை மட்டும் சொல்கிறது. எத்தனை பேருக்கு வரும் என்பதை அது சொல்வதில்லை. இரண்டாவது மார்பகத்தில் புற்றுநோய் வருவதை இது குறைக்கிறது என்பதையும் அந்த அமைப்பு அதே மதிப்பீட்டில் பதிவு செய்திருக்கிறது.

சரி, எத்தனை பேருக்கு? மார்பகப் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகமுள்ள 13,388 பெண்களிடம் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த தடுப்பு ஆய்வின் முடிவு 1998இல் வந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஒருவருக்குக் கருப்பை உட்படலப் புற்றுநோய் வந்தது. டமாக்ஸிஃபென் எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு இரண்டு பேருக்குச் சற்று மேல். “இரண்டரை மடங்கு” என்று கேட்டால் நெஞ்சு பதறும், “ஆயிரத்தில் ஒன்றிலிருந்து இரண்டு” என்று கேட்டால் பதறாது. இரண்டும் ஒரே கணக்குதான். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் ஆபத்து நான்கு மடங்காக இருந்தது. அந்த அறிக்கையில், டமாக்ஸிஃபென் எடுத்துக் கருப்பைப் புற்றுநோய் வந்த அத்தனை பேருக்கும் நோய் முதல் நிலையிலேயே பிடிபட்டிருந்தது. முதல் நிலை என்றால் கருப்பையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும் நிலை. கருப்பையின் தசையில் வரும் சர்கோமா என்ற முரட்டு வகையும் இந்த மாத்திரையால் சற்றுக் கூடுகிறது. ஆனால் அது மிக அரிது, ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு.

ஐந்து வருடத்தைப் பத்தாக நீட்டினால் என்ன ஆகும் என்று ‘அட்லஸ்’ என்ற பன்னாட்டு ஆய்வு பார்த்தது. முடிவு 2013இல் வந்தது. ஐந்தாம் வருடத்துக்கும் பதினான்காம் வருடத்துக்கும் இடையில், பத்து வருடம் எடுத்தவர்களில் 3.1 சதவீதம் பேருக்கும் ஐந்தோடு நிறுத்தியவர்களில் 1.6 சதவீதம் பேருக்கும் கருப்பைப் புற்றுநோய் வந்தது. அதனால் இறந்தவர்கள் முறையே 0.4 சதவீதம், 0.2 சதவீதம். இதே காலத்தில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்களோ, பத்து வருடம் எடுத்தவர்களில் 12.2 சதவீதம், ஐந்தோடு நிறுத்தியவர்களில் 15 சதவீதம். ஆயிரம் பெண்களை நிறுத்திப் பார்த்தால், மாத்திரையைத் தொடர்ந்ததால் மார்பகப் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்கள் 28 பேர், கருப்பைப் புற்றுநோயில் கூடுதலாக இழந்தது 2 பேர். என்னைப் பொறுத்தவரை இந்த விவாதத்தில் இதைவிட முக்கியமான கணக்கு இல்லை. அந்த இருவரையும் காப்பாற்ற வழி இருக்கிறது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

புற்றுநோய் என்பது ஒரு ஓரம். டமாக்ஸிஃபென் கருப்பையில் செய்யும் மற்ற மாற்றங்கள் அதைவிடப் பல மடங்கு சாதாரணம். உட்படலத்தில் பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி தோன்றலாம், சிலருக்குப் பெரிதாக, சிலருக்கு ஒன்றுக்கு மேல். முன்பே ஃபைப்ராய்டு கட்டி இருந்தால் அது சுருங்காமல் நிற்கலாம், வளரவும் செய்யலாம். வெள்ளைப்படுதல் அதிகமாகிறது என்று பலர் சொல்வார்கள். நாற்றமோ அரிப்போ ரத்தமோ இல்லாத வெள்ளை, மருந்தின் வேலைதான், பயப்பட ஒன்றுமில்லை.

இனி அந்த ஸ்கேன் விவகாரம். தீட்டு நின்ற பெண்ணின் கருப்பை உட்படலம் மெலிந்து, நான்கைந்து மில்லிமீட்டருக்குள் இருக்கும். அதற்கு மேல் தடித்தால், அதுவும் ரத்தக்கசிவோடு வந்தால், சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான விதி. டமாக்ஸிஃபென் எடுப்பவர்களிடம் இந்த அளவுகோல் உடைந்துவிடுகிறது. மருந்து உட்படலத்துக்கு அடியில் இருக்கும் இழையத்தை வீங்கச் செய்து, அங்கே குட்டிக் குட்டி நீர்ப்பைகளை உண்டாக்குகிறது. மேலே உள்ள உட்படலம் மெலிந்தேதான் இருக்கும். ஸ்கேன் ஒலி அலைக்கு இரண்டும் பிரித்துத் தெரிவதில்லை, எல்லாம் சேர்ந்து ஒரே தடித்த பட்டையாகத் திரையில் விழுகிறது. ரிப்போர்ட்டில் 10, 12, 15 மில்லிமீட்டர் என்று வருகிறது. எடுப்பவரின் தவறும் இல்லை, கருவியின் தவறும் இல்லை. அளக்க வேண்டிய பொருளையே மருந்து மறைத்துவிடுகிறது.

இதைக் கண்ணுக்கு முன்னால் காட்டியது 2000இல் ஜெர்மனியில் இருந்து வந்த ஓர் ஆய்வு. டமாக்ஸிஃபென் எடுத்த 247 பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்தார்கள். எந்தத் தொந்தரவும் இல்லாமல், ஸ்கேனில் மட்டும் சந்தேகம் வந்த 52 பேருக்குக் கருப்பைக்குள் குழாய்க் கேமரா விட்டு, சுரண்டியும் எடுத்துப் பார்த்தார்கள். 38 பேருக்கு உட்படலம் மெலிந்துதான் இருந்தது. 9 பேருக்குப் பாலிப். புற்றுநோய் ஒரே ஒருவருக்கு. அந்த ஒன்றைத் தேடும் முயற்சியில் நான்கு பேருக்குக் கருப்பையில் துளை விழுந்துவிட்டது.

அதனால்தான் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் போன்ற அமைப்புகள், தொந்தரவு எதுவும் இல்லாத பெண்ணுக்கு வருடா வருடம் கருப்பை ஸ்கேனோ பயாப்ஸியோ தேவையில்லை என்று சொல்கின்றன. “சும்மா ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமே, என்ன ஆகிடப்போகுது?” என்று கேட்பது இயல்பு. ஆகிவிடுவது இதுதான்: ஒரு எண் வரும், அந்த எண் தூக்கத்தைக் கெடுக்கும், அடுத்து மயக்க மருந்து, அடுத்து உட்படலத்தைச் சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி, சில சமயம் தேவையே இல்லாமல் கருப்பையையே எடுத்துவிடும் பேச்சு. முன்பே பாலிப் இருந்தவர்கள், உட்படலம் மிகையாக வளர்ந்த வரலாறு உள்ளவர்கள், குடும்பத்தில் குடல் புற்றுநோயும் கருப்பைப் புற்றுநோயும் தலைமுறை தலைமுறையாக வருபவர்கள் ஆகியோரின் நிலை வேறு. இவர்கள் மாத்திரை தொடங்கும் முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். உடல் பருமனும் சர்க்கரை நோயும் தாமாகவே கருப்பைப் புற்றுநோயின் ஆபத்தைக் கூட்டுபவை. டமாக்ஸிஃபெனும் சேரும்போது எடையில் கவனம் வைப்பது இன்னும் முக்கியமாகிறது.

ஸ்கேன் எண்ணை நம்ப முடியாது என்றால் எதை நம்புவது? ரத்தத்தை. கருப்பை உட்படலப் புற்றுநோய் பெரும்பாலும் தொடக்கத்திலேயே ரத்தக்கசிவாகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தீட்டு நின்று ஒரு வருடம் கடந்த பெண்ணுக்கு ஒரு சொட்டு என்றாலும் கணக்குதான். சிவப்பாக இருக்க வேண்டியதில்லை; பழுப்பு, இளஞ்சிவப்பு, வெள்ளைப்படுதலில் கலந்த கோடு, எதுவும். ஒரே நாள் பட்டு நின்றுவிட்டாலும் போய்ச் சொல்ல வேண்டும். நின்றுவிட்டது என்பது சரியாகிவிட்டது என்று பொருளல்ல.

இங்கேதான் நம் வீடுகளின் கூச்சம் குறுக்கே வருகிறது. அறுபது வயதில் “மறுபடி பட்டிருக்கு” என்று மகனிடம் சொல்ல எந்த அம்மாவுக்கு வாய் வரும்? மாதாமாதம் மருத்துவமனைக்கு அழைத்துப் போவது பெரும்பாலும் மகன்தான். மார்பகத்தைப் பார்க்கும் டாக்டரிடம் கர்ப்பப்பை விஷயத்தைச் சொல்லலாமா என்ற தயக்கம் வேறு. சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும், மாத்திரை எழுதிக்கொடுத்தவரே அவர்தான். மகளோ மருமகளோ வீட்டில் இருந்தால், மாதத்துக்கு ஒருமுறை “அம்மா, ஏதாவது பட்டுச்சா?” என்று அவர்களே கேட்டுவிடலாம். அந்த ஒரு கேள்வி எந்த ஸ்கேனைவிடவும் நல்ல பரிசோதனை.

சொன்னபின் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். மகப்பேறு மருத்துவர் முதலில் ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பார். பிறப்புறுப்பு வறண்டு உரசியதாகவும் இருக்கலாம், கருப்பை வாயிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். பிறகு மெல்லிய குழாயால் உட்படலத்திலிருந்து கொஞ்சம் திசு எடுத்து அனுப்புவார். தேவைப்பட்டால் கேமரா விட்டு நேரில் பார்த்து, பாலிப் இருந்தால் அப்போதே அகற்றிவிடுவார். சாதாரணப் பாலிப் என்றால் பெரும்பாலும் மாத்திரையைத் தொடரலாம். செல்கள் இயல்பு மாறி மிகையாக வளர்ந்திருந்தால், வேறு மருந்துக்கு மாறுவதா, கருப்பையை எடுப்பதா என்று இரண்டு டாக்டர்களும் சேர்ந்து முடிவெடுப்பார்கள்.

தீட்டு நிற்காத இளம் பெண்களின் கதை வேறு. அவர்களுடைய சொந்த ஈஸ்ட்ரோஜன் ஏற்கெனவே பலமாக இருப்பதால், டமாக்ஸிஃபெனின் லேசான தூண்டல் தனியாகத் தெரிவதில்லை, மாதாமாதம் உட்படலம் உதிர்ந்தும் விடுகிறது. அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்தது. தென் கொரியாவின் தேசியக் காப்பீட்டுப் பதிவுகளிலிருந்து 50 வயது வரையிலான 78,000க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்து 2022இல் வந்த அறிக்கை, இந்த வயதிலும் பாலிப்பும் புற்றுநோயும் கூடுவதாகக் காட்டியது. அதனால் “உனக்குச் சின்ன வயசுதானே” என்று எந்த ரத்தக்கசிவையும் தள்ளிவிட இப்போது இடமில்லை. இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் பட்டாலும், வழக்கத்துக்கு மாறாக அதிகம் போனாலும் சொல்ல வேண்டும்.

இவர்களுக்கு இன்னொரு முக்கியமான விஷயம். மாத்திரை எடுக்கும்போது தீட்டு தள்ளிப்போகலாம், சில மாதம் வராமலே இருக்கலாம். அதனால் கரு தங்காது என்று நினைத்துவிடக் கூடாது. கருமுட்டையைத் தூண்டும் அந்தப் பழைய குணம் இதற்கு இன்னும் இருக்கிறது. கருவில் வளரும் குழந்தைக்கு இந்த மருந்து கெடுதல் செய்யக்கூடும். காப்பர் டி, ஆணுறை போன்ற ஹார்மோன் இல்லாத வழிகளே ஏற்றவை, கருத்தடை மாத்திரை கூடாது. குழந்தை வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதற்கும் வழியுண்டு. ஒன்றரை முதல் இரண்டரை வருடம் வரை ஹார்மோன் சிகிச்சை முடித்தபின், டாக்டரின் கண்காணிப்பில் அதிகபட்சம் இரண்டு வருடம் நிறுத்திக் குழந்தை பெற்றுக்கொண்டு மீண்டும் தொடங்குவதை ஒரு பன்னாட்டு ஆய்வு சோதித்துப் பார்த்தது. குறுகிய காலக் கணிப்பில் நோய் திரும்புவது கூடவில்லை என்று 2023இல் அதன் முடிவு வந்தது.

தீட்டு நின்றவர்களுக்கு மாற்று மருந்துகளும் இருக்கின்றன. அனஸ்ட்ரசோல், லெட்ரசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகியவை உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே தடுப்பவை, கருப்பையைத் தூண்டுவதில்லை. 9,366 பெண்கள் பங்கேற்ற ‘அட்டாக்’ ஆய்வில் ரத்தக்கசிவும் கருப்பைப் புற்றுநோயும் அனஸ்ட்ரசோல் எடுத்தவர்களிடம் தெளிவாகக் குறைந்திருந்தன. ஆனால் இவை எலும்பைத் தேய்க்கும், மூட்டுவலி தரும், பிறப்புறுப்பை வறளச் செய்யும். கருப்பைக்கு நல்லது என்று தானாக மாற்றிக்கொள்ளும் மருந்துகள் அல்ல இவை. குறிப்பாகச் சினைப்பை இயங்கும் இளம் பெண்களிடம், அதை அடக்கிவைக்கும் ஊசி இல்லாமல் இவை வேலையே செய்யாது. கருப்பையை முன்கூட்டியே எடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு வரக்கூடியதற்காக ஆயிரம் பேருக்கும் பெரிய ஆபரேஷன் செய்வதை எந்த வழிகாட்டுதலும் ஆதரிக்கவில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று, இந்தக் கூடுதல் ஆபத்து கடைசி மாத்திரையோடு முடிந்துவிடுவதில்லை, நிறுத்திய பின்னும் சில வருடங்கள் நீடிக்கிறது. அதற்குள் ஊர் மாறியிருக்கும், டாக்டர் மாறியிருப்பார், ஃபைல் பரணில் ஏறியிருக்கும். ரத்தம் பட்டு ஒரு புதிய மகப்பேறு மருத்துவரிடம் போய் உட்காரும் அறுபத்தைந்து வயது அம்மாவைப் பார்த்து, “இப்ப என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?” என்றுதான் அவர் கேட்பார். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் என்று பதில் வரும். எட்டு வருடத்துக்கு முன்னால் தொடங்கி ஐந்து வருடம் தினம் ஒன்று போட்ட அந்தச் சின்ன மாத்திரையின் பெயர் அந்தப் பேச்சில் வராமலே போய்விடும். டமாக்ஸிஃபென், 20 மில்லிகிராம், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை என்று ஒரு காகிதத்தில் எழுதி, ஆதார் அட்டையோடு மடித்து வைத்துவிடுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அதை முதலில் நீட்டுங்கள்.